குட்டி ஸ்கேல் எலெக்ட்ரிக் கிதார்: வாங்கியதும் செய்ய வேண்டியவை

கடைகளில் ‘மினி’, ‘முக்கால் சைஸ்’, ‘ஷார்ட் ஸ்கேல்’ என்று பல பெயர் சொல்லி விற்பார்கள். பெயரை விட்டுவிட்டு டேப்பை எடுங்கள். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் நட்டின் விளிம்பிலிருந்து 12-ஆவது ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைதான் ஃப்ரெட்) நடுப்பகுதி வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். வருவதுதான் ஸ்கேல் நீளம், அதாவது கம்பி அதிரும் நீளம். உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை நேராக அளக்க வேண்டாம். அங்கே ஒவ்வொரு கம்பியின் சேடிலும் (கம்பி உட்காரும் சிறு தாங்கி) ஒவ்வொரு இடத்தில் இருக்கும், கணக்கு பிசகும்.

நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை 324 மி.மீ. இருந்தால் அது 25.5 அங்குலம், ஃபெண்டர் நிறுவனத்தின் முழு நீள ஸ்ட்ராட்டோகாஸ்டரின் அளவு. 305 என்றால் 24 அங்குலம்; ஃபெண்டர் மஸ்டாங்கும் ஜாகுவாரும் இந்த வகை. 289 என்றால் ஸ்குவயர் மினி ஸ்ட்ராட்டின் 22.75 அங்குலம். 282 என்றால் ஐபனெஸ் மிக்ரோவின் 22.2 அங்குலம். இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி போடுவது, பிக்கப்பை (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம்) எவ்வளவு இறக்குவது, விரலை எவ்வளவு அழுத்துவது எல்லாமே இதை வைத்துத்தான்.

குட்டி என்பதால் பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. ஃபெண்டர் 1956-இல் மியூசிக்மாஸ்டர், டுவோ-சோனிக் என்ற இரண்டையும் 22.5 அங்குலத்தில் கற்பவர்களுக்கென்றே கொண்டுவந்தது; 1964-இல் மஸ்டாங் வந்தது. பீட்டில்ஸின் ஆரம்ப காலத்தில் ஜான் லெனன் வாசித்த ரிக்கன்பேக்கர் 325-க்கு ஸ்கேல் 20.75 அங்குலம்தான். நிர்வானாவின் கர்ட் கோபேன் மேடையில் மஸ்டாங் வாசித்தார்.

நீளம் குறைந்தால் என்ன ஆகிறது

அதே கம்பியை அதே சுருதியில் வைத்து நீளத்தை மட்டும் குறைத்தால், கம்பியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். முழு நீளக் கிதாரோடு ஒப்பிட்டால் 24 அங்குலத்தில் சுமார் 11 சதவீதம் தளர்வு, 22.75-இல் 20 சதவீதம், 22.2-இல் 24 சதவீதம். இந்தக் கிதார்களின் சுகமும் தொல்லையும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

முதலில் சுகம். முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை முழு நீளத்தில் 97 மி.மீ. விரிய வேண்டும், மினி ஸ்ட்ராட்டில் 87 போதும். சின்னக் கைக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் பெரிய வித்தியாசம். கம்பியும் விரலைக் குறைவாக வெட்டும். தொல்லை என்னவென்றால், தளர்ந்த கம்பி அகலமாக ஆடி ஃப்ரெட்டில் இரைகிறது. கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலே சுருதி மேலே ஏறுகிறது. பிக்கப்பின் காந்தமும் அதை எளிதில் பிடித்து இழுக்கிறது. ‘இந்தக் கிதார் சுருதியிலேயே நிற்காது’ என்று பலர் ஒதுக்கிவைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இவைதான். ஏறக்குறைய எல்லாவற்றையும் வீட்டிலேயே சரிசெய்ய முடியும்.

முதல் வேலை: கம்பியை மாற்றுவது

பல கிதார்கள் 009-இல் (மிக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு) தொடங்கும் மெல்லிய செட்டோடு வருகின்றன. முழு நீளத்துக்கு அது சரி. 22.75 அங்குலத்தில் 010–046 செட் போட்டால், முழு நீளக் கிதாரில் 009 செட் தரும் இறுக்கம் ஏறக்குறைய கிடைக்கும். 011–049 போட்டால் 010 போட்டது போல் இருக்கும். ஆகவே ஒரு படி தடிமன் கூட்டுவதே விதி. சின்னப் பிள்ளைக்கு 010, பெரியவர் கைக்கு 011. 24 அங்குலத்துக்கு 010 போதும். ஆறாவது கம்பி (எல்லாவற்றிலும் தடித்தது; முதல் கம்பி மெல்லியது) மட்டும் தொளதொளவென்று இருந்தால் 010–052 செட்டைப் பாருங்கள். மெல்லிய கம்பிகள் மெல்லியதாகவே இருக்கும், கீழ்க்கம்பிகள் மட்டும் தடிக்கும்.

ஒவ்வொரு கம்பியாக மாற்றுங்கள். கழுத்தின் மேலுள்ள இழுப்பு ஒரேயடியாகப் போகாது. கம்பியை முறுக்கும் திருகான ட்யூனரின் தண்டில் உள்ள துளையில் நேராக இழுத்துவிட்டு, 5 சென்டிமீட்டர் அளவுக்குத் தளர்த்துங்கள். மெல்லிய கம்பிகளுக்கு 7. தடித்த கம்பி இரண்டு மூன்று சுற்று சுற்றினால் போதும். சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி இறங்க வேண்டும். பிறகு தடித்த பக்கத்திலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்த்து, ஒவ்வொரு கம்பியையும் 12-ஆவது ஃப்ரெட் அருகே பிடித்து மெதுவாக மேலே இழுத்து விடுங்கள். சுருதி இறங்கும், மீண்டும் ஏற்றுங்கள். இறங்குவது நிற்கும்வரை செய்யுங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் சுருதியில் நிறுத்த வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் ட்யூனர் பற்சக்கரத்தில் தொய்வு மிஞ்சும், இரண்டு அடியில் கம்பி இறங்கிவிடும்.

ஏற்றும்போது ‘டிங்’ என்று சத்தம் கேட்டால் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். கூரான பென்சிலால் பள்ளத்தில் தேயுங்கள். அந்தக் கரிப்பொடி வழுக்கும். 011 செட்டின் தடித்த கம்பி பள்ளத்தில் இறங்காமல் மேலே தொற்றி நின்றால் பென்சில் உதவாது. பள்ளத்தை அகலப்படுத்த அதற்கென்ற அரம் வேண்டும். பழகிய கையிடம் கொடுங்கள்.

செட்டப்: வரிசை மாறக் கூடாது

கழுத்தின் வளைவு, கம்பி உயரம், இன்டொனேஷன் (கழுத்து நெடுகச் சுருதி ஒத்திருப்பது), பிக்கப். இதே வரிசைதான். முந்தையதைத் தொட்டால் பிந்தையவை எல்லாம் மாறும்.

தடித்த கம்பி போட்டதும் கழுத்து சற்று முன்னோக்கி வளையும். ஆறாவது கம்பியை ஒரு கையால் முதல் ஃப்ரெட்டிலும் மறுகையால் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, 8-ஆவது ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். சுமார் 0.25 மி.மீ. இருக்க வேண்டும். அதிகம் என்றால் கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடை வலப்பக்கமாக, கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, மறுபடி சுருதி சேர்த்து அளங்கள். இடைவெளியே இல்லை என்றால் இடப்பக்கம். ஆலன் கீ பொருத்தமாக உட்கார வேண்டும். தளர்வான கீயால் திருகினால் தலை உருண்டுவிடும், பிறகு சரிசெய்வது கடினம். திரும்ப மறுத்தால் பலவந்தம் வேண்டாம்.

அடுத்தது கம்பி உயரம். 12-ஆவது ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து ஆறாவது கம்பியின் அடிவரை 1.8 மி.மீ., முதல் கம்பிக்கு 1.5 மி.மீ. என்று தொடங்குங்கள். முழு நீளக் கிதாரில் சிலர் இதைவிடத் தாழ்த்துவார்கள். தளர்ந்த கம்பிக்கு அந்த ஆசை வேண்டாம். இரைச்சல் ஆம்பில் (கிதாரின் ஒலிபெருக்கி) கேட்கிறதா என்று பாருங்கள். வெறும் காதுக்கு மட்டும் லேசாகக் கேட்டால் விட்டுவிடலாம்.

நட்டின் உயரத்தையும் இப்போதே சோதியுங்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தினால், முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு தாள் நுழையும் அளவே இடம் இருக்க வேண்டும். மலிவு விலைக் கிதார்களில் நட்டு உயரமாக இருப்பது மிகச் சாதாரணம். திறந்த கம்பி சரியான சுருதியில் இருக்கும். முதல் ஃப்ரெட் சுரங்கள் மட்டும் ஏறி ஒலிக்கும். குழந்தை பிடிக்கும் முதல் கார்டே (பல சுரம் சேர்ந்து ஒலிப்பது) அபசுரமாகக் கேட்க இது ஒன்றே போதும். கடையில் கொடுத்துச் செய்யச் சொல்லவேண்டிய ஒரே ஒரு வேலை எது என்றால் இதைத்தான் சொல்வோம்.

இன்டொனேஷனுக்கு, 12-ஆவது ஃப்ரெட்டின் நேர் மேலே விரலை வெறுமனே தொட்டு மீட்டி, மணி போன்ற ஹார்மோனிக் ஒலியை எடுங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் சுருதி காட்டும் ட்யூனர் கருவியில் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலை நட்டிலிருந்து விலகும்படி பின்னால் நகர்த்துங்கள், இறங்கியிருந்தால் முன்னால். ஒவ்வொரு முறையும் மறுபடி சுருதி சேர்த்த பிறகே சோதியுங்கள். பழைய கம்பியில் இதைச் செய்வது வீண். தேய்ந்த கம்பி ஒருபோதும் ஒத்துவராது.

கடைசியாகப் பிக்கப். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்றால், கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு பிக்கப்பின் காந்தமுனைக்கும் கம்பிக்கும் இடையில் தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. விடுங்கள். ஆறாவது கம்பியை மேல் ஃப்ரெட்டுகளில் வாசிக்கும்போது ஒரே அடியில் இரண்டு சுருதி ஒன்றோடொன்று அலையடிப்பது போல் கேட்டால், காந்தம் கம்பியை இழுக்கிறது. இன்னும் அரை மி.மீ. இறக்குங்கள்.

கையைப் பழக்குவது

ட்யூனரைப் போட்டுக்கொண்டு இரண்டாவது கம்பியின் முதல் ஃப்ரெட்டை அழுத்துங்கள். சி வர வேண்டும். அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒலி இரையத் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குச் சற்று மேலே உள்ள அழுத்தம்தான் உங்களுக்கு வேண்டியது. இப்போது பலமாக அழுத்துங்கள்: முள் ஏறுவது கண்ணுக்கே தெரியும். கிதாரைக் குறை சொல்லும் முன் ஆறு கம்பியிலும் இதைச் செய்து பாருங்கள். விரல் ஃப்ரெட் கட்டைக்கு ஒட்டிப் பின்னால் இருந்தால் அழுத்தமே பாதி போதும்.

கம்பியை வளைக்கும்போதும் இதே கதை. அதே தடிமன் கம்பி என்றால் 22.75 அங்குலத்தில் ஒரு சுரம் ஏற்ற, முழு நீளத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவான தூரம் தள்ளினால் போதும். பெரிய கிதாரில் பழகிய கை எப்போதும் சுரத்தைத் தாண்டிவிடும். போய்ச்சேர வேண்டிய சுரத்தை முதலில் அதன் ஃப்ரெட்டிலேயே வாசித்துக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு வளையுங்கள். கமகம் பிடிக்க ஆசைப்படும் கர்நாடக சங்கீத மாணவருக்கு இந்தத் தளர்வு உதவும், காது சரியாக இருந்தால்.

ஆம்பில் சேர்ப்பது

கேபிளைச் செருகும்போதும் எடுக்கும்போதும் ஆம்பின் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஒலியைக் கரகரப்பாக்கும் கெயின் குமிழைக் குறைத்து, பாஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். கெயின் ஏற்றினால் தவறுகள் மறையும்; ஆரம்பத்தில் தவறு காதில் விழ வேண்டும்.

சிங்கிள் காயில் பிக்கப் கொஞ்சம் ‘ம்ம்’ என்று இரையும். கம்பியைத் தொட்டதும் குறைந்தால் அது இயல்பு. தொடும்போது கையில் சுரீர் என்றால் உடனே நிறுத்துங்கள். பிளக் பாயிண்டில் எர்த் இணைப்பு இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்காமல் அந்த ஆம்பை மறுபடி போடக் கூடாது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப் என்றால், அது 120 வோல்ட்டுக்கு மட்டுமா என்று பின்பக்கத்தில் படித்துப் பாருங்கள்; இங்கே 230-இல் நேராகச் செருகினால் கருகிவிடும்.

பராமரிப்பு

சென்னை, தூத்துக்குடி, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடையுங்கள். ஏசி அறையிலேயே வைத்திருந்தால் மரம் வறண்டு சுருங்கி, ஃப்ரெட் முனைகள் கழுத்தின் ஓரத்தில் கையைக் கீறும். அதை அரம் போட்டுச் சீர்செய்வார்கள். கம்பி கறுத்து, சொரசொரப்பாகி, ஒலி மங்கினால் மாற்றும் நேரம். அதே தடிமனில் மாற்றினால் ட்ரஸ் ராடைத் தொட வேண்டியதில்லை. இன்டொனேஷனை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.