ஓடும்போதே நிற்கும் பழைய கார்: தீப்பொறியா, பெட்ரோலா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன கூத்துதான். வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று இன்ஜின் அடங்கிவிடும். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, ஒன்றும் புரியாமல் கால் மணி நேரம் நின்றுவிட்டுச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே நிற்கவே நிற்காது.

என் முதல் பழைய காரில் காயில் (தீப்பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தருவது), பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் முனைகள்), கண்டன்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது), பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றினேன். கோளாறு போகவில்லை. கடைசியில் அது ஒரு விரல் நீள வயரில் இருந்தது. அந்தக் கதையைக் கீழே சொல்கிறேன். அப்போது புரிந்தது ஒன்றுதான்: வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆன பிறகு தேடிப் பயனில்லை. செத்துக் கிடக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் கோளாறு கைக்கு அகப்படும். அதனால் நின்றவுடன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதீர்கள். முதலில் சோதனை, அப்புறம்தான் ஸ்டார்ட்.

இங்கே சொல்வதெல்லாம் கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது), பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரும் (ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பங்கிட்டு அனுப்புவது) உள்ள பெட்ரோல் கார்களுக்கு. டிக்கியில் எப்போதும் இருக்கவேண்டியவை: டெஸ்ட் லேம்ப் (தொட்ட இடத்தில் மின்சாரம் இருந்தால் எரியும் சின்ன விளக்கு), மல்டிமீட்டர், பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று, இரண்டு முனையிலும் கிளிப் உள்ள வயர், ஸ்க்ரூடிரைவர், டார்ச், தீயணைப்பான், ஒரு சின்ன நோட்டு.

படி 1: எப்படி நின்றது?

முதலில் பத்திரமாக ஓரங்கட்டுங்கள். வண்டி உருளும்போது சாவியை உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிரேக்குக்கு வேக்குவம் பூஸ்டர் (மிதியை லேசாக்கும் கருவி) இருந்தால், இன்ஜின் நின்ற பிறகு ஓரிரு மிதிதான் லேசாக இருக்கும், அப்புறம் கால் கல்லை மிதித்தது போல் ஆகிவிடும். மிதித்தால் விடாமல் மிதித்து நிறுத்துங்கள்.

நின்றதும் நோட்டை எடுத்து எழுதுங்கள். சுவிட்சை அணைத்தது போல் சட்டென்று நின்றதா? அப்படியானால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. இழுவை குறைந்து, திக்கித் திணறி, முக்கி முனகி நின்றதா? பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்று சந்தேகப்படலாம். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை இன்ஜின் இழுத்துக்கொண்டிருக்கும், அதனால்தான் அந்தத் திணறல்.

உங்கள் காரில் காயிலிலிருந்து சிக்னல் எடுக்கும் ஆர்பிஎம் மீட்டர் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. கியரில் வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சடாரென்று பூஜ்யத்தில் விழுந்தால், காயிலுக்குப் போகும் மின்சாரமோ பாயிண்டோ கைவிட்டுவிட்டது. வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் அந்தப் பக்கம் சரி.

படி 2: டேஷ்போர்டு விளக்கு

சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்யவேண்டாம். சிவப்பு சார்ஜ் விளக்கு எரியவேண்டும். எரியாமல், மீட்டர் முள்ளும் அசையவில்லை என்றால் பேட்டரி முனைகளை ஆட்டிப் பாருங்கள், பிறகு இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையை (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி). அங்கே சரியென்றால் இக்னிஷன் சுவிட்ச். வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் ஒரே கொத்தில் தொங்கினால் தேய்ந்த சுவிட்ச் குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விடும். சாவியை லேசாக ஆட்டும்போது விளக்கு சிமிட்டினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

படி 3: தீப்பொறி இருக்கிறதா?

பெட்ரோல் குழாயில் கை வைக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் காயிலிலிருந்து வரும் தடித்த வயரை உருவி, பழைய பிளக்கில் செருகுங்கள். பிளக்கின் உலோக உடம்பைக் கிளிப் வயரால் இன்ஜினின் சுத்தமான இரும்போடு இணையுங்கள். கையில் பிடிக்கவேண்டாம், அடி பலமாக விழும். இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள்.

நீல நிறத்தில் படபடவென்று பொறி வந்தால் காயில் வரை எல்லாம் நலம். அதே சோதனையை ஒரு சிலிண்டரின் பிளக் வயரில் செய்யுங்கள். நடு வயரில் பொறி, பிளக் வயரில் இல்லை என்றால் ரோட்டரோ (மூடிக்குள் சுழன்று பொறியை ஒவ்வொரு பிளக் வயருக்கும் தருவது) மூடியோ குற்றவாளி. ரோட்டரின் ரிவெட் வழியாக மின்சாரம் கீழே தண்டுக்குள் பாய்ந்துவிடுவது உண்டு. வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். ஒரு ரோட்டரை டிக்கியில் போட்டுவைப்பது நல்லது.

இரண்டு இடத்திலும் பொறி நன்றாக இருந்தால் படி 5-க்குப் போய்விடலாம்.

படி 4: பொறி இல்லையென்றால் டெஸ்ட் லேம்ப்

காயிலில் இரண்டு சின்ன முனைகள்: ஒன்று சுவிட்சிலிருந்து வருவது, மற்றது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது. லேம்பின் ஒரு முனையை எர்த்தில் மாட்டி, சாவி ஆனில் இருக்க, சுவிட்ச் பக்கத்தைத் தொடுங்கள். எரியவேண்டும். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை) உள்ள காரில் கொஞ்சம் மங்கலாக எரியலாம். எரியவே இல்லையென்றால் மின்சாரம் காயிலுக்கே வரவில்லை, வயரைப் பின்னோக்கித் தொடருங்கள்.

அடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தைத் தொட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பாயிண்ட் திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணையவேண்டும். அப்படிச் சிமிட்டினால் பாயிண்ட் வேலை செய்கிறது, சந்தேகம் காயில்மீதும் கண்டன்சர்மீதும். எரிந்தபடியே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. சுவிட்ச் பக்கம் எரிந்து இந்தப் பக்கம் எரியவே இல்லையென்றால் வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது காயிலின் உள்சுற்று அறுந்துவிட்டது.

இப்போது என் விரல் நீள வயர். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் போகும் சின்ன வயர் ஒன்று இருக்கிறது. பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை வேக்குவம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு பொறி விழும் நேரத்தை மாற்றும் கருவி) இழுக்கிறது, ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் தட்டு சற்றே திரும்பும். கூடவே வயரும் மடங்கி நிமிரும். பல வருடம் மடங்கி மடங்கி உள்ளே செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிட்டன, மேலுறை மட்டும் அப்படியே. நின்ற வண்டியில் முனைகள் தொட்டுக்கொள்ளும், ஓட்டத்தில் விலகும். கண்ணால் பார்த்துத் தெரியவில்லை. இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன், ரப்பர் போல் நீண்டது! நல்ல வயர் நீளாது. இந்தச் சோதனைக்குக் காசே செலவில்லை, அதனால் முதலில் இதைச் செய்யுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்திருக்கும்போதே பாயிண்ட் முகத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் குழி, மறு பக்கம் மேடு என்று கருகியிருந்தால் கண்டன்சர் போயிருக்கலாம். இடைவெளி பல கார்களில் 0.4 மி.மீ. ஒட்டி இருக்கும், உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே சரியானது.

காயிலை மல்டிமீட்டரால் அளந்தால், பேலஸ்ட் இல்லாத 12 வோல்ட் காரில் சின்ன முனைகளுக்கு நடுவே சுமார் 3 ஓம், பேலஸ்ட் உள்ளதில் சுமார் 1.5 ஓம். ஆனால் ஆறிய காயில் நல்ல பிள்ளையாக நடிக்கும். சூடேறியதும் உள்ளே கம்பி விரிந்து தொடர்பு விடும், அரை மணியில் ஆறியதும் சரியாகிவிடும். நின்றவுடன், சூடாக இருக்கும்போதே அளப்பதுதான் கணக்கு. 1.5 ஓம் காயிலைப் பேலஸ்ட் இல்லாமல் யாரோ மாட்டியிருந்தால் இந்தச் சூடு நிச்சயம். இன்ஜின் ஓடாமல் சாவியை நெடுநேரம் ஆனில் விடுவதும் காயிலைச் சுடும்.

படி 5: பொறி இருக்கிறது, பெட்ரோல்?

முதல் வேலை, டேங்க் மூடியைத் திறப்பது. 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் பலமாகக் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுக்க முடியாமல் தோற்கும். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டியதும் வண்டி ஓடினால் வேறு வைத்தியம் வேண்டாம், துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

அப்புறம் ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் டார்ச் அடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் இணைப்பை இழுங்கள். பெரும்பாலான கார்புரேட்டர்களில் பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்சும். (ஆக்சிலரேட்டர் பம்ப் இல்லாத எஸ்.யு. கார்புரேட்டரில் இது வராது.) வரவில்லையென்றால், இன்ஜின் ஆறியபின், காயிலின் சுவிட்ச் பக்க வயரைக் கழற்றி முனையில் டேப் சுற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இன்ஜினோடு ஓடும் பம்ப் விட்டு விட்டுப் பலமாகத் துப்பவேண்டும். மின்சாரப் பம்ப் என்றால் சாவி போட்டாலே போதும்.

பாட்டிலுக்குப் பெட்ரோல் நன்றாக வருகிறதா? கோளாறு கார்புரேட்டருக்குள்: ஒட்டிக்கொண்ட ஊசி வால்வு (மிதவைக் கிண்ணத்துக்குள் பெட்ரோலை விடுவது), அடைத்த ஜெட் (பெட்ரோல் அளவாகப் போகும் சின்னத் துளை). வரவில்லையா? ஃபில்டர், பம்ப், உள்ளே உரிந்து மடிந்த ரப்பர் குழாய் என்று டேங்க் நோக்கிப் போங்கள். டேங்குக்குள் மிதக்கும் துரு உறிஞ்சு குழாயின் வாயில் வந்து ஒட்டும், இன்ஜின் நின்றதும் தானே விழுந்துவிடும், வண்டி மறுபடி ஓடும். வேகமாகப் போகும்போது மட்டும் நின்று, சில நிமிடத்தில் சரியானால் இதை நினையுங்கள். வெயிலில், நெரிசலில் மட்டும் நின்றால், எக்ஸாஸ்ட் அருகே போகும் குழாயில் பெட்ரோல் ஆவியாகிறதா என்று பாருங்கள்.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, நோட்டில் தேதியோடு எழுதி, முன்பு நின்ற அதே வேகத்தில், அதே சூட்டில், முன்பு ஓடியதைவிட அரை மணி கூடுதலாக ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தை உடனே தூக்கிப் போடாதீர்கள். வண்டி மறுபடி நின்றால், அது நல்ல பாகம்தான் என்று தெரிந்துவிடும்.