குளிருக்குச் சாத்திய ஜன்னல்: மலை வீடுகளில் ஃபார்மால்டிஹைடைக் குறைப்பது எப்படி

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மீன் வாங்கப் போனால் எல்லாரும் கேட்பது, "ஃபார்மலின் போட்ட மீனா?" என்பதுதான். மீன் கெடாமல் இருக்கச் சிலர் போடும் நச்சு மருந்து அது; கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்டவர் வீட்டுக்குப் போய், அதே நச்சை வாயுவாக விடும் பிளைவுட்டைப் போன மாதம் அடித்த அறையில் ஜன்னலைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். மீன் வாரத்துக்கு ஒரு நாள்; மூச்சு ராத்திரி முழுக்க. அதனால் மலையில் இருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது அறைக் காற்றை.

ஃபார்மால்டிஹைடு ஒரு வாயு. அதைத் தண்ணீரில் 37 முதல் 40 சதவீதம் வரை கரைத்தால் ஃபார்மலின். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் இதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்குக்குப் பின்னால் தொண்டை தொடங்கும் இடத்தில் வரும் புற்றுநோயோடு இதற்குத் தொடர்பு உண்டு. அறைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல், அரை மணி நேரச் சராசரியாகக்கூட, இருக்கக் கூடாது என்பது அதே நிறுவனத்தின் அளவு.

பிளைவுட், எம்.டி.எஃப், பார்ட்டிகிள் போர்டு எல்லாம் பசையால் ஒட்டியவை. விலை குறைந்தவற்றில் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை. ஈரமும் சூடும் பட்டால் இந்தப் பசை கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வாயுவை விடும். குளிர் இருந்தால் வாயு குறைவாகத்தான் வரும், அது உண்மை. ஆனால் கூடலூர் பக்கம் ஆடி மழையிலும், கோத்தகிரி பக்கம் ஐப்பசி மழையிலும் பலகை ஈரம் குடிக்கிறது. பிறகு ஹீட்டர் போட்டு அறையைச் சூடாக்குகிறோம். ஜன்னலும் சாத்தியிருக்கிறது. வந்த வாயு போக வழியில்லை.

பத்துக்குப் பத்து அறை, எட்டடி உயரம் என்று வையுங்கள். உள்ளே இருப்பது 800 கன அடி காற்று. குளிர் தாங்க மூன்று சுவரிலும் பலகை அடித்தால் 240 சதுர அடி, சீலிங்கும் போட்டால் இன்னும் 100. அதற்கு மேல் ஒரு வார்ட்ரோப். அந்தச் சின்னக் காற்றுக்கு இவ்வளவு பலகை மிக அதிகம். சுவருக்கு உண்மையான மரப்பலகையோ வெறும் பூச்சோ போதும் என்றால் அதோடு நிறுத்துங்கள்.

போட்டே ஆக வேண்டும் என்றால், கடையில் "எம்.ஆர் கிரேடு" என்று கொடுக்கும் யூரியா பசை ரகத்தை வாங்காமல் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி (கொதிநீரும் தாங்கும் ரகம்) கேளுங்கள். அதில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை. அது தண்ணீருக்கும் எளிதில் பிரியாது, வாயுவும் மிகக் குறைவு. எம்.டி.எஃப் தான் வேண்டும் என்றால் வாயு குறைவாக விடும் ரகம் என்பதைக் காட்டும் ஈ1 அல்லது ஈ0 அச்சு பலகையில் இருக்கிறதா பாருங்கள். ஆசாரியிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: அறுத்த ஓரம் எதையும் திறந்து விடக் கூடாது. மைக்கா ஒட்டிய முகத்தில் வாயு அவ்வளவாக வராது. அறுத்த விளிம்பு, கீல் பதித்த குழி, வயர் போன ஓட்டை, வார்ட்ரோப்பின் பின்பக்கம் ஆகியவற்றில்தான் வரும். சுவரைப் பார்த்த பக்கம்தானே என்று விடுவது வழக்கம். அங்கேயும் எட்ஜ் பேண்டோ (ஓரத்தில் ஒட்டும் பட்டை), இரண்டு கை வார்னிஷோ வேண்டும்.

வேலை முடிந்ததும் குறைந்தது மூன்று நான்கு வாரம் அந்த அறையில் படுக்காதீர்கள். கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும் இன்னும் தள்ளி. அலமாரிக் கதவு, இழுப்பறை எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். பிறகும் தினம் இரண்டு முறை, வெயில் ஏறிய 11 மணிவாக்கிலும் சாயங்காலம் பனி இறங்கும் முன்பும், எதிரெதிர் ஜன்னல் இரண்டையும் 15 நிமிடம் முழுக்கத் திறங்கள். ஒரே ஜன்னலை நாள் முழுக்க விரல்கடை திறந்து வைப்பதைவிட இது பலன் தரும்; சுவர் சூடு போகாது, காற்று மட்டும் மாறும். முதல் சில மாதங்கள்தான் அதிகம், பிறகு படிப்படியாகக் குறையும். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி நெடி வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நெடி இருக்கிறதா என்று அறைக்குள் உட்கார்ந்து முகர்ந்தால் தெரியாது, மூக்கு பழகிவிடும். வெளியே கால் மணி நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, வார்ட்ரோப்பைத் திறந்து முகத்தை உள்ளே விடுங்கள். கண் கரித்தாலோ தொண்டை சுருக்கென்றாலோ இன்னும் காற்றாட விடவேண்டும். நறுக்கிய வெங்காயம், சோடா உப்புக் கிண்ணம், தொட்டிச் செடி எதுவும் ஓர் அறைக்குப் போதாது. ஏர் பியூரிஃபையரில் ஹெப்பா ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும். வாயுவுக்குக் கரி ஃபில்டர் வேண்டும்.

விறகுப் புகையிலும் ஊதுபத்திப் புகையிலும் இதே வாயு உண்டு. கரிக் கணப்பை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. அதில் ஃபார்மால்டிஹைடு கண்ணைக் கரிக்கும். கூட வரும் கார்பன் மோனாக்சைடு எதையும் காட்டாமல் தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும்.

சுருங்காத பேன்ட், சட்டை, புதுத் திரைச்சீலைகளில் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பிசின் பூச்சு இருக்கலாம். உடுத்தும் முன் வெதுவெதுப்பான நீரில் இரண்டு தடவை அலசுங்கள். பியூட்டி பார்லரில் முடி நேராக்கும் திரவத்தில் "மெத்திலீன் கிளைகால்" என்று இருந்தால் அது ஃபார்மால்டிஹைடே. 200 டிகிரி இஸ்திரி பட்டதும் புகையாக வரும். ஷட்டர் இறக்கிய கடையில் செய்துகொள்ளாதீர்கள்.

மெலமைன் தட்டும் ஃபார்மால்டிஹைடு சேர்ந்த பிசினில் வார்த்ததுதான். அதில் ஆறிய பலகாரம் வைப்பதில் குற்றமில்லை. கொதிக்கும் டீ, சூடான ரசம், மைக்ரோவேவ் மூன்றும் கூடாது. 70 டிகிரிக்கு மேல் பிசினிலிருந்து ஃபார்மால்டிஹைடு உணவில் இறங்கும், புளிப்பு சேர்ந்தால் இன்னும். வெளுத்தது, கீறியது, விரிசல் விட்டது தூக்கிப் போட வேண்டியது. இயற்கைப் பொருள் என்று சொல்லி விற்கும் மூங்கில் கப்புகள் பல, மூங்கில் தூளை மெலமைன் பிசினில் கலந்து அச்சில் வார்த்தவை. சூடான பானத்துக்கு அவை சாதாரண மெலமைனைவிட மோசம். எவர்சில்வர் டம்ளர் இருக்கும்போது அது எதற்கு?

இனி மீன். உணவில் ஃபார்மலின் சேர்க்க நம் நாட்டில் அனுமதியே இல்லை. 2018-ல் கேரளாவில் ஃபார்மலின் மீன் பிடிபட்டபோது ஊரெல்லாம் பரவிய "ஈ மொய்க்காத மீனை வாங்காதே" என்ற சோதனை மலைக்குப் பொருந்தாது. இந்தக் குளிரில் நல்ல மீனிலும் ஈ குறைவு, ஐஸிலும் உட்காராது. கையால் பாருங்கள்: விரலால் அழுத்தினால் நல்ல மீனின் சதை குழிந்து எழும். ஃபார்மலின் பட்டது ரப்பர் போல விறைத்திருக்கும், கண் மங்கி, செவுள் வெளிறி, மீன் வாசனையே இல்லாமல் இருக்கும். பல நாள் பழசாகத் தெரிந்தும் நாற்றம் இல்லை என்றால் அதுவே சந்தேகம். உறுதிசெய்ய, கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய காகிதப் பட்டைச் சோதனை உண்டு: பட்டையை மீன்மேல் தேய்த்து, மருந்துத் துளி விட்டு, நிறத்தைப் பெட்டியில் உள்ள அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒன்று கவனியுங்கள், தும்பிலி போன்ற சில மீன்களில் ஃபார்மால்டிஹைடு இயற்கையாகவே உருவாகும். பேரிக்காயிலும் கொஞ்சம் உண்டு. அதற்குப் பயப்படத் தேவையில்லை. கழுவினால் மேலே இருப்பது குறையும், சதையில் பிணைந்தது போகாது. சந்தேகப்பட்ட மீனைச் சமைத்துப் பார்க்க வேண்டாம். கடை, தேதி குறித்துக்கொண்டு உணவு பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள். பாலில் ஃபார்மலின் இருக்கிறதா என்று கந்தக அமிலம் விட்டு ஊதா வளையம் பார்க்கும் சோதனை ஆய்வகத்துக்கு உரியது, வீட்டில் செய்தால் கை வெந்துபோகும்.

காளான் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு: காளான் பாத்திமேல் போடும் மண்ணுக்குக் கிருமி சாக ஃபார்மலின் அடித்து மூடியதைப் பிரித்த பிறகு, நெடி துளியும் இல்லாத வரை கிளறி ஆறவிடுங்கள். மார்கழி, தை உறைபனியில் ஃபார்மலின் வெள்ளையாகக் கலங்கி அடியில் படியும். தெளிய வைக்க அடுப்பில் வைத்தால் அறை முழுக்க வாயு நிறையும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. 30 மில்லி உள்ளே போனாலே பெரியவர் உயிர் போகலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரி. கண்ணில் தெறித்தால் இமையை விரித்துப் பிடித்து, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு, எரிச்சல் நின்றாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.