ஜிஸ்ட்ரீமரில் ஸ்ட்ரீமிங் த்ரெட்டுகள்: பைப்லைன் உறையாமல் ஓட என்ன செய்வது

எங்கள் வேலை, வீடியோவையும் ஒலியையும் கையாளும் ஜிஸ்ட்ரீமர் நூலகத்தை வைத்துக் கேமரா பதிவு மென்பொருள் எழுதுவது. அதில் எலிமென்ட் என்ற பாகங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் பைப்லைன். குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் நிரலைக் காட்டும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, "இந்த வரி எந்த த்ரெட்டில் ஓடுகிறது?" என்றுதான் (த்ரெட் என்பது ஒரு நிரலுக்குள் மற்றவற்றோடு இணையாக ஓடும் வேலைத்தொடர்). பைப்லைன் உறைந்து நிற்பது, நிறுத்தும்போது தொங்குவது, படம் தத்தித் தத்தி வருவது என்று ஜிஸ்ட்ரீமரில் வரும் பாதித் தொல்லைக்கு விடை அந்தக் கேள்வியில் இருக்கிறது.

பழைய 0.8 பதிப்பில் த்ரெட்டுக்கென்றே ஒரு தனி எலிமென்ட் இருந்தது. 2005 இறுதியில் வந்த 0.10 அதைத் தூக்கிவிட்டது. இன்று நாம் த்ரெட்டை உருவாக்குவதில்லை. பைப்லைன் பாஸ் (PAUSED, ஓடத் தயாராகி நிற்கும்) நிலைக்குப் போகும்போது சில எலிமென்டுகள் தங்கள் பேடில், அதாவது அடுத்த எலிமென்டோடு இணையும் வாயில், ஒரு டாஸ்க்கைத் தொடங்கும். அதுதான் ஸ்ட்ரீமிங் த்ரெட். கேமரா மாதிரி தரவைத் தரும் சோர்ஸ், டாஸ்க் ஒன்றைத் தொடங்கும். தரவுத் துண்டுகளான பஃபர்களை வரிசையில் பிடித்து வைக்கும் ஒவ்வொரு க்யூவும் தன் வெளிப்பேடில் ஒன்றைத் தொடங்கும். பல வரிசைகள் கொண்ட மல்டிக்யூ, வெளிப்பேடு ஒன்றுக்கு ஒன்று தொடங்கும். கன்வர்ட்டர், பார்சர் போன்றவை தாங்களாக எதையும் தொடங்காது. யார் பஃபரைத் தள்ளினாரோ அவருடைய த்ரெட்டிலேயே வேலையை முடித்து அடுத்தவருக்குத் தள்ளும்.

இதில் ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். டிஸ்க்கில் இருக்கும் எம்பி4 கோப்பை ஃபைல்சோர்ஸ் வழியாகப் படித்தால், ஃபைல்சோர்ஸுக்கு த்ரெட் கிடையாது. எம்பி4-இலிருந்து படத்தையும் ஒலியையும் பிரிக்கும் டீமக்ஸரான க்யூடிடீமக்ஸ் தன் உள்பேடில் டாஸ்க்கை வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்திலிருந்து தானே இழுத்துக்கொள்கிறது. நடுவில் க்யூ இல்லையென்றால் படிப்பது, பிரிப்பது, டீகோட் செய்வது, திரையில் காட்ட நேரம் வரும்வரை காத்திருப்பது எல்லாமே அந்த ஒரே த்ரெட்தான். ஹெச்.264 டீகோடர் தனக்குள் தனியாகச் சில த்ரெட்டுகளை ஓட்டலாம். அவை அதன் சொந்தக் கணக்கு, ஸ்ட்ரீமிங் த்ரெட்டில் சேராது.

ஆகவே நிரல் எழுதும் முன் பைப்லைனைத் தாளில் வரைந்து, க்யூ வருகிற இடத்திலெல்லாம் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு த்ரெட், அந்தப் பக்கம் இன்னொன்று. என் மேசையில் இப்படிப்பட்ட தாள்கள் எப்போதும் கிடக்கும்.

க்யூ எங்கே வேண்டும்? ஒரே ஓட்டத்தைப் பல கிளைகளாகப் பிரிக்கும் டீ எலிமென்டின் ஒவ்வொரு கிளைக்கும், டீமக்ஸரின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கட்டாயம் வேண்டும். டீ, பந்தியில் ஒருவரே பரிமாறுவதைப் போன்றது: முதல் இலைக்காரர் பிடித்து நிறுத்திவிட்டால் அடுத்த இலைக்குச் சோறு போகாது. பாஸ் நிலைக்குப் போகும்போது பைப்லைன் முடியும் இடமான ஒவ்வொரு சிங்க்கும் (திரை, கோப்பு போன்றவை) முதல் பஃபரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். க்யூ இல்லாவிட்டால் முதல் கிளையின் சிங்க் அந்த ஒரே த்ரெட்டைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாவது சிங்க்குக்குப் பஃபரே வராது, பைப்லைன் பாஸ் நிலையை எட்டவே எட்டாது.

சரி, க்யூ வைத்தாயிற்று, இன்னும் உறைகிறதா? இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 1080பி கோப்பு ஒன்றை டீகோட் செய்து, டீயில் இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையைத் திரைக்கும் மற்றதை படத்தைச் சுருக்கும் எக்ஸ்264 என்கோடர் வழியாக எம்பி4 கோப்புக்கும் அனுப்புகிறீர்கள். இரு கிளையிலும் க்யூ இருக்கிறது. க்யூவின் இயல்பான வரம்புகள் மூன்று: 200 பஃபர், 1 விநாடி, 1,04,85,760 பைட். எது முதலில் எட்டுகிறதோ அதோடு க்யூ நிரம்பியதாகக் கணக்கு. சுருக்காத ஐ420 வடிவில் ஒரு 1080பி ஃப்ரேம் 31,10,400 பைட். நான்கே ஃப்ரேம் உள்ளே போனால் பைட் வரம்பு தாண்டிவிடும். 200 பஃபர் என்பதெல்லாம் பெயரளவுக்குத்தான்.

இப்போது என்கோடர் பக்கம் பாருங்கள். எக்ஸ்264 இயல்பான அமைப்பில் 40 ஃப்ரேம் முன்கூட்டிப் பார்த்துத்தான் முதல் ஃப்ரேமை வெளியே விடும். திரைக்கிளையின் சிங்க் ஒரு ஃப்ரேமோடு நிற்க, அதன் க்யூ நான்கு ஃப்ரேமோடு நிரம்ப, டீ அங்கேயே மாட்டிக்கொள்ளும். என்கோடருக்கு ஐந்தாறு ஃப்ரேமுக்கு மேல் கிடைக்காது. கோப்புக்கிளையிலிருந்து ஒன்றும் வெளியே வராது. பிழைச்செய்தியும் வராது, சும்மா நிற்கும்.

தீர்வு இரண்டு. திரைக்கிளை க்யூவில் பைட் வரம்பையும் பஃபர் வரம்பையும் 0 ஆக்கி (0 என்றால் வரம்பில்லை), நேர வரம்பை 3 விநாடியாக வையுங்கள். 25 ஃப்ரேம் வேகத்தில் அது சுமார் 233 எம்பி நினைவகம் என்பதையும் கணக்கில் எடுங்கள். 1 ஜிபி நினைவகமுள்ள ராஸ்ப்பெரி பை குட்டிக் கணினியில் அது வலிக்கும். அங்கே எக்ஸ்264-இன் ட்யூன் அமைப்பை ஸீரோலேட்டன்சிக்கு மாற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி. படத்தரம் கொஞ்சம் குறையும், ஆனால் காத்திருப்பு போய்விடும்.

நேரடிக் கேமராவில் திரைக்கிளைக்கு க்யூவின் லீக்கி அமைப்பை டவுன்ஸ்ட்ரீமுக்கு வைப்பேன். நிரம்பினால் பழைய ஃப்ரேமைக் கொட்டிவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். திரை எவ்வளவு மெதுவானாலும் பதிவு தடைபடாது. கோப்பிலிருந்து படிக்கும்போது இதைச் செய்யாதீர்கள். பதிவுக்கிளை முழு வேகத்தில் ஓட, திரைக்கு வர வேண்டியதில் பெரும்பகுதி கொட்டிப்போகும். என்கோடருக்குப் பின்னால் ஒருபோதும் லீக்கி வேண்டாம். சுருக்கிய ஃப்ரேம் ஒன்று தொலைந்தால் அடுத்த கீ ஃப்ரேம் (தனித்தே முழுப் படமாகும் ஃப்ரேம்) வரை படம் சிதையும்.

அப்புறம் நம் சொந்த நிரல். பேடைக் கடப்பதைக் கண்காணிக்கும் பேட் ப்ரோப், பஃபரை நம் நிரலுக்குத் தரும் ஆப்சிங்க்கின் புது சாம்பிள் சிக்னல், டீமக்ஸரின் பேட் சேர்ந்தது என்ற சிக்னல் எல்லாம் ஸ்ட்ரீமிங் த்ரெட்டில்தான் அழைக்கப்படும். அங்கே ஜிடிகே, க்யூட்டி போன்ற திரை இடைமுக விட்ஜெட்டைத் தொடாதீர்கள். அங்கே நீங்கள் 50 மில்லிவிநாடி எடுத்தால் பைப்லைன் அந்த 50 மில்லிவிநாடி நிற்கும். பைதானில் எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: கால்பேக் உள்ளே நுழைய, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைதானை ஓட்டவிடும் ஜிஐஎல் பூட்டு வேண்டும், வேறொரு பைதான் த்ரெட் அதை வைத்திருந்தால் வீடியோவும் வரிசையில் நிற்கும். ஆப்சிங்க்கில் பஃபர் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வைத்து, டிராப் அமைப்பையும் போட்டுவிடுங்கள். இயல்பில் வரம்பே கிடையாது.

மிக முக்கியமாக, ஸ்ட்ரீமிங் த்ரெட்டிலிருந்து பைப்லைனை நல் (NULL, முழுதும் நின்ற) நிலைக்கு மாற்றாதீர்கள். நிலையைக் கீழிறக்கும்போது ஜிஸ்ட்ரீமர் எல்லா டாஸ்க்கும் முடியக் காத்திருக்கும். அழைத்ததே அந்த டாஸ்க் என்றால், தான் முடிவதற்குத் தானே காத்திருக்கும் கதைதான். த்ரெட் தன்னைத்தானே ஜாயின் செய்ய முயல்கிறது, உறைந்துவிடும் என்று லாக்கில் எச்சரிக்கையும் வரும். அதற்குப் பதிலாக அங்கிருந்து, பைப்லைனின் செய்திகளை நம் நிரலுக்குக் கொண்டுவரும் பஸ்ஸில் ஒரு அப்ளிகேஷன் மெசேஜ் போடுங்கள். மெயின் லூப்பில் இருக்கும் பஸ் வாட்ச் அதை எடுத்து நிலையை மாற்றட்டும். பஸ்ஸின் சிங்க் (sync) ஹேண்ட்லர் மட்டும் செய்தி போட்டவரின் த்ரெட்டிலேயே ஓடும், அதில் இந்த வேலை ஆகாது. ஆனால் ஒலி த்ரெட்டின் முன்னுரிமையை உயர்த்த வேண்டுமானால் அதுதான் சரியான இடம்: ஸ்ட்ரீம் ஸ்டேட்டஸ் செய்தி என்டர் வகையோடு வரும்போது நீங்கள் அந்த த்ரெட்டுக்குள்ளேயே இருக்கிறீர்கள்.

பதிவை நிறுத்த, முதலில் இஓஎஸ் (ஓட்டம் முடிந்தது என்ற அறிவிப்பு) அனுப்புங்கள். அது பஃபர்களுக்குப் பின்னால் வரிசையாகவே போகும், என்கோடர் கையிருப்பை வெளியே தள்ளும், எல்லாவற்றையும் கோப்பாகக் கோக்கும் எம்பி4 மக்ஸர் கடைசியில் அட்டவணையை எழுதும். பஸ்ஸில் இஓஎஸ் செய்தி வந்த பிறகே நல் நிலை. அவசரப்பட்டால் அந்தக் கோப்பு எந்த ப்ளேயரிலும் திறக்காது.

உறைந்ததைக் கண்டுபிடிக்க, லினக்ஸில் டாப் கட்டளையைப் பெரிய எழுத்து ஹெச் (-H) விருப்பத்தோடு ஓட்டுங்கள். த்ரெட்டின் பெயர் எலிமென்ட், பேட் என்ற வரிசையில் தெரியும். 15 எழுத்துக்கு மேல் லினக்ஸ் வெட்டிவிடும் என்பதால் க்யூக்களுக்குச் சின்னப் பெயர் வையுங்கள். பிறகு ஜிடிபி பிழைதிருத்தியில் எல்லா த்ரெட்டின் பேக்ட்ரேஸையும் (எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். பஃபரை உள்ளே வாங்கும் க்யூவின் செயின் ஃபங்ஷனில் ஒருவர் காத்திருந்தால் அந்த க்யூ நிரம்பியிருக்கிறது, கோளாறு அதற்குக் கீழே. பஃபரை வெளியே தள்ளும் லூப் ஃபங்ஷனில் காத்திருந்தால் க்யூ காலி, மேலே தேடுங்கள்.