சிறிய மருத்துவமனைக்கு என்.ஏ.பி.எச். சான்று: கேஸ் ஷீட்டில் தொடங்குங்கள்

மருத்துவமனைகளின் தரத்தை ஆய்ந்து சான்று தரும் தேசிய அமைப்பு என்.ஏ.பி.எச். அதன் சான்றுக்குத் தயாராகும் 30, 40 படுக்கை மருத்துவமனைகள் முதலில் டைல்ஸ் மாற்றுகின்றன. முதலில் பார்க்க வேண்டியது கேஸ் ஷீட்டை, அதாவது நோயாளியின் சிகிச்சைப் பதிவுகள் அடங்கிய கோப்பை. ஆய்வாளர் புரட்டுவதும் அதைத்தான். காப்பீட்டு நிறுவனம் பணத்தை நிறுத்துவதும் அதிலுள்ள ஓட்டையைக் காட்டித்தான்.

டிஸ்சார்ஜ் ஆன 20 பேரின் கேஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். ஒப்புதல் படிவத்தில் நோயாளியின் கையெழுத்து இருக்கும், அறுவை சிகிச்சையின் பெயர் எழுதும் கோடு காலியாகக் கிடக்கும். டாக்டர் குறிப்பில் தேதி இருக்கும், நேரம் இருக்காது. ஊசி 3 வேளை என்று எழுதியிருக்கும், நர்ஸ் கையெழுத்து 2 இடத்தில்தான் இருக்கும், பார்மசி பில்லோ 3 ஊசிக்கு. ஆய்வில் இது குறைபாடு. காப்பீட்டு கிளெய்மில் அந்த ஊசியின் காசு வெட்டு. விட்டுப்போனதைப் பிறகு உட்கார்ந்து நிரப்பாதீர்கள், அது மோசடி. ஷிஃப்ட் மாறும்போதே வார்டு இன்சார்ஜ் சரிபார்க்க வேண்டும்.

50 படுக்கை வரை சிறு மருத்துவமனைப் பிரிவில் வரும். முதல்முறை என்றால் நுழைவுநிலைச் சான்றுக்கே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் உரிமங்கள் நடப்பில் இருக்க வேண்டும்: தமிழ்நாட்டின் 1997 மருத்துவ நிறுவனங்கள் சட்டப் பதிவு, தீயணைப்புச் சான்று, மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியப் பதிவு, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு பி.சி.பி.என்.டி.டி. (கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டம்) பதிவு. கழிவுப் பைகள் 48 மணி நேரத்துக்கு மேல் அறையில் தங்கக் கூடாது. வண்டி வராத நாளில்தான் பெரும்பாலும் இது தவறும், அதனால் எடுத்துச் சென்ற நேரத்தைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

இனி கணக்கு. பில் 1,00,000 ரூபாய், டி.பி.ஏ. (காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளெய்மைக் கையாளும் இடைநிலை நிறுவனம்) ஒப்புக்கொண்டது 92,000 என்று வையுங்கள். அதில் 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) 9,200 போக வங்கிக்கு வருவது 82,800. பல இடங்களில் இந்த 82,800-ஐயே வருமானமாக எழுதிவிடுகிறார்கள். வருமான வரித் துறையின் 26ஏ.எஸ். படிவம் 92,000 என்று காட்டும், நோட்டீஸ் வரலாம். 82,800 வங்கியில், 9,200 திரும்ப வர வேண்டிய வரியில், 8,000 வெட்டில் என்று மூன்றாகப் பிரித்து, யூ.டி.ஆர். எண்ணோடு (வங்கிப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்) ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகப் பதியுங்கள். லாபம் குறைவாக இருந்தால், டி.டி.எஸ்.-ஐக் குறைந்த விகிதத்தில் பிடிப்பதற்கான சான்றை வரித் துறையிடம் கேட்டு வாங்கலாம். சம்பள நாளில் அது பெரிய மூச்சு. நோயாளி கட்டும் அட்வான்ஸ், பில் முடியும்வரை வருமானத்தில் சேராமல், நோயாளிக்குத் தர வேண்டிய பொறுப்பாகத்தான் கணக்கில் இருக்க வேண்டும்.

2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த விதிப்படி, காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டிய கெடு: கேஷ்லெஸ் (நோயாளி பணம் கட்டாத) சிகிச்சையின் முன் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரம். அந்த 3 மணி நேரம் உங்கள் கோரிக்கை போய்ச் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்கும். எனவே டிஸ்சார்ஜ் சம்மரியை முந்தைய நாள் மாலையே தயாராக்கி, இறுதி பில்லோடு சேர்த்தே அனுப்புங்கள்.

வெட்டு ஒவ்வொன்றின் காரணத்தையும் எழுதி, திங்கட்கிழமைதோறும் அந்தந்த வார்டு இன்சார்ஜிடம் கொடுங்கள்.