எட்டு மீட்டர் நூலில் ஒரு கடல்: சேலஞ்சர் கப்பலைப் பிள்ளைகளோடு ஓட்டுவது எப்படி

போன கோடை விடுமுறையில் அக்கா பிள்ளைகள் இரண்டு பேர், மாடி வீட்டுப் பையன், அவன் கூட்டி வந்த இன்னும் மூன்று பேர் என்று ஏழு வயதிலிருந்து பதினொன்று வரை ஆறு வாண்டுகளை வைத்துக்கொண்டு நான்கு சாயங்காலம் வீட்டிலேயே விளையாட்டாகக் கப்பல் ஓட்டினேன். கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். சேலஞ்சர். 1872 டிசம்பரில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பி, ஆழ்கடலில் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டே உலகத்தையே சுற்றி, 1876 மே மாதம் திரும்பி வந்த கப்பல். போர்க்கப்பலாக இருந்ததில் 17 பீரங்கிகளில் 15ஐ இறக்கிவிட்டு அந்த இடத்தில் ஆய்வுக்கூடமும் நுண்ணோக்கியும் சாராயம் நிரப்பிய கண்ணாடி ஜாடிகளும் ஏற்றினார்கள் என்று சொன்னதுமே பாதிப் பிள்ளைகள் நம் பக்கம் வந்துவிடுவார்கள். மீதிப் பாதிக்குச் சேறு வேண்டும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. இதற்கு முன்னால் ஒரு தடவை, ஆர்வக் கோளாறில், தலையில் விளக்கு தொங்குகிற அந்தப் பல்லு மீனின் படத்தை ஃபோனில் காட்டிவிட்டு "இப்போ ஆழ்கடலை வரைங்க" என்றேன். எல்லோரும் அதே மீனை வரைந்தார்கள். ஒரே மீன், ஆறு தாள். அன்றைக்குப் புரிந்தது இதுதான்: கப்பலில் போனவர்களுக்கு என்ன தெரியாதோ, அது பிள்ளைகளுக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். விடையை முதலில் கொடுத்துவிட்டால் அது பயணமே இல்லை, கலரிங் புத்தகம்.

ஆகவே முதல் சாயங்காலம் ஃபோனை உள்ளே வைத்துவிடுங்கள். சார்ட் பேப்பரை நீளவாக்கில் வெட்டி ஒட்டி ஆளுக்கொரு நீளமான பட்டை கொடுங்கள். மேலே ஓரமாக அலை, அலைமேல் ஒரு கப்பல். கீழே என்ன இருக்கும் என்று அவர்களே வரையட்டும். 1872இல் இருந்தவர்களுக்குத் தெரிந்த இரண்டே இரண்டு செய்திகளை மட்டும் கதையாகச் சொல்லுங்கள். ஒன்று, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை ஆய்வாளர் 1843இல் சொன்னது: சுமார் 300 ஃபாதத்துக்கு (ஏறக்குறைய 550 மீட்டர்) கீழே உயிரே இருக்காது. இரண்டு, 1860இல் மத்தியதரைக் கடலில் அறுந்துபோன தந்திக் கேபிளை அதைவிட ரொம்ப ஆழத்திலிருந்து மேலே இழுத்தபோது அதில் உயிர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவுதான். யார் சொன்னது சரி என்று கேட்டால் "தெரியாது, அதைப் பார்க்கத்தானே போறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் ஒருவன் கடலுக்கடியில் பஸ் ஸ்டாண்டு வரைந்தான். ஒருத்தி கறுப்புக் கிரயானால் பட்டை முழுக்க அழுத்தித் தீட்டி நீட்டினாள். "வெளிச்சமே இல்லியே, எப்படித் தெரியும்?" சரியான கேள்வி. எதையும் திருத்தாதீர்கள். பின்னால் பெயரும் தேதியும் எழுதி வாங்கி வையுங்கள், கடைசி நாளுக்கு வேண்டும்.

இரண்டாவது சாயங்காலம் நூல். கப்பலில் முனையில் பாரக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கித்தான் கடலின் ஆழத்தை அளந்தார்கள், நமக்கு அந்தக் கயிறு இந்த நூல். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

ஃபாதம் என்றால் ஆறு அடி, இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். நம் கடலோரத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள் இல்லையா, அதே கை, அதே கணக்கு. பிள்ளைகளைக் கையை விரிக்கச் சொல்லி ஒருவரை ஒருவர் அளக்கவிடுங்கள். ஏழு வயதுக்காரியின் பாகமும் உங்கள் பாகமும் ஒன்றாக இருக்காது, உடனே சண்டை வரும். எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவு ஏன் வேண்டும் என்பதை அந்தச் சண்டையே சொல்லிக்கொடுத்துவிடும்.

அப்புறம் தடிமனான வெள்ளை நூல் ஒன்பது மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிது: நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் நூலில் ஒரு மில்லிமீட்டர். சேலஞ்சர் கிட்டத்தட்ட 200 அடி நீளம், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைத் தண்ணீரில் படுக்கவைத்த மாதிரி. நம் அளவில் ஆறு சென்டிமீட்டர் காகிதக் கப்பல். அதை நூலின் மேல்முனையில் ஒட்டுங்கள். 20 சென்டிமீட்டரில் மஞ்சள் முடிச்சு, சூரிய வெளிச்சம் ஏறக்குறைய தீர்ந்துபோகிற இடம். 55 சென்டிமீட்டரில் சிவப்பு முடிச்சு, ஃபோர்ப்ஸ் "இதோடு சரி" என்று சொன்ன கோடு. 3 மீட்டர் 66இல் ஒரு பச்சைக் கிளி. கிளி எதற்கு என்றால், கப்பலில் ராபர்ட் என்று ஒரு கிளி இருந்தது, அளக்கிறவர்கள் பேசுவதையே கேட்டுக் கேட்டு "என்ன, 2000 ஃபாதம் போயும் அடி தட்டலையா?" என்று கத்துமாம். 2000 ஃபாதம் நம் நூலில் சரியாக அங்கேதான் வருகிறது. கடைசி முடிச்சு 8 மீட்டர் 18 சென்டிமீட்டரில். 1875 மார்ச் 23 அன்று பசிபிக்கில், குவாம் தீவுக்குத் தென்மேற்கே, 4,475 ஃபாதம் கயிறு இறங்கிய பிறகுதான் அடி தட்டியது. மரியானா அகழி என்று இன்றைக்குச் சொல்கிற இடம்.

முனையில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி மாடியிலிருந்து இறக்குங்கள். மூன்று மாடி இல்லாவிட்டால் வராந்தாவில் தரையோடு நீட்டினாலும் போதும். நூலை ஓர் அட்டைத் துண்டில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சிக்கெடுக்கவே சாயங்காலம் போய்விடும் (போனது). இறக்கும்போது ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு நூலைப் பிடித்தபடி நட்டு தரையைத் தொட்டுவிட்டதா என்று சொல்ல வேண்டும். எட்டு மீட்டருக்கே தடுமாறுவார்கள். கப்பலில் கயிற்றின் சொந்தப் பாரமே அவ்வளவு இருக்கும்போது அடி தட்டியதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கயிற்றில் சம இடைவெளியில் அடையாளம் கட்டி, ஒவ்வொரு அடையாளமும் தண்ணீருக்குள் போக எத்தனை வினாடி என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். வேகம் திடீரென்று குறைந்தால் குண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். இதை நானே சொல்லிவிடாமல் பத்து நிமிஷம் யோசிக்கவிட்டேன், மாடி வீட்டுப் பையன் பக்கத்தில் வந்துவிட்டான்.

மூன்றாவது சாயங்காலம் சேறு. பழைய துணி உடுத்தி வரச் சொல்லுங்கள்.

பெரிய பிளாஸ்டிக் டப்பில் களிமண், மணல், நிறைய ஐஸ் தண்ணீர். ஐஸை விட்டுவிடாதீர்கள். வெயில் கொளுத்துகிற பூமத்தியரேகைப் பக்கத்தில்கூட ஆழத்திலிருந்து மேலே வந்த சேறு கை விறைக்கிற மாதிரித்தான் இருந்தது. கையை விட்டதும் வீல் என்று கத்துவார்கள், அந்தக் கத்தல் ஒரு பக்கக் குறிப்புக்குச் சமம். சேற்றுக்குள் சிப்பி, பாசிமணி, ரப்பர் புழு, என்ன கிடைக்கிறதோ புதைத்து வையுங்கள். வெங்காயம் வருகிற வலைப்பையின் வாயில் கம்பியை வளைத்துக் கட்டினால் வாரும் வலை தயார். அதன் அடியில் பழைய மாப்பின் நூல்களைக் கட்டித் தொங்கவிடுங்கள். இது என் கற்பனை இல்லை. சேலஞ்சரிலும் இப்படிச் சணல் குஞ்சங்களைத் தொங்கவிட்டுத்தான் இழுத்தார்கள், வலைக்குள் வராத, நட்சத்திர மீன் மாதிரியான முள்தோலிகளும் பவளங்களும் அந்த நூலில் சிக்கிக்கொண்டு வந்தன.

அன்றைக்கே மாங்கனீஸ் உருண்டையும் செய்துவிடலாம். கடலடியில் உருளைக்கிழங்கு மாதிரிக் கறுப்பு உருண்டைகள் கிடக்கின்றன, பத்து லட்சம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். சேலஞ்சர் அள்ளி வந்த சிலவற்றை உடைத்தபோது நடுவில் சுறாப்பல் இருந்தது. ஒரு புளியங்கொட்டையை நடுவில் வைத்து, களிமண் ஒரு சுற்று, கரித்தூள் கலந்த களிமண் ஒரு சுற்று என்று மாறி மாறி உருட்டுங்கள். காய்வதற்குள் நீங்கள் குறுக்கே வெட்டிக் காட்ட வேண்டும். உள்ளே வளையம் வளையமாகத் தெரிந்ததும் ஒவ்வொருவரும் "என்னுதையும் வெட்டு" என்பார்கள். இந்த உருண்டைகளை எடுக்கத்தான் நம் நாடும் மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் ஒதுக்கீடு வாங்கி வைத்திருக்கிறது.

சேற்றுக்கு நிறம் உண்டு என்பதை வண்ணப்பெட்டி இல்லாமலே காட்டலாம். ஒரு தாளில் கட்டம் போட்டுப் பசை தடவி, ஒரு கட்டத்தில் கோலமாவு, ஒன்றில் காவி தூவுங்கள். வெள்ளை, நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் குவிந்த சேறு. காவி, அதைவிட ஆழத்தில் கிடக்கிற செங்களிமண். அங்கே ஏன் வெள்ளை இல்லை? ரொம்ப ஆழத்துக்குப் போனால் சுண்ணாம்பு ஓடு கரைந்துவிடுகிறது. ஒரு சாக்பீஸ் துண்டை வினிகரில் போட்டுக் காட்டுங்கள், அதற்குமேல் விளக்க வேண்டாம்.

இப்போது ஓவியம். கப்பலில் ஜே. ஜே. வைல்ட் என்ற ஓவியர் போயிருந்தார். ஃபோட்டோ எடுக்கிறவரும் உண்டு (முதலில் வந்தவர் கேப் டவுனில் கப்பலை விட்டு ஓடிவிட்டார்). ஆனால் அந்தக் கால ஃபோட்டோவில் நிறம் இல்லை, சாராய ஜாடியில் போட்டால் உயிர்களின் நிறமும் வெளுத்துவிடும். அதனால் வலை மேலே வந்த கையோடு வரைந்தால்தான் உண்டு. இதை மார்க்கெட்டிலிருந்தே செய்யலாம். நான் நீலக்கால் நண்டு நான்கு வாங்கி வந்து தட்டில் வைத்தேன். பத்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பார்ப்பதை மட்டும் வரைய வேண்டும். கால் எத்தனை? கடைசிக் கால் மட்டும் ஏன் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கிறது? அதற்குப் பிறகு கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி வைத்தேன். நீலம் போய் ஆரஞ்சு. கையில் இருக்கிற தாளில் மட்டும்தான் இனி அந்த நீலம் இருக்கிறது என்று அக்கா மகள் கண்டுபிடித்தபோது முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிறகு சாப்பிட்டோம். சைவ வீடென்றால் பறித்த பூவை வெயிலில் வைத்துப் பாருங்கள், ஆனால் நண்டு அளவுக்கு இருக்காது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நுண்ணுயிர்களுக்குக் கறுப்புத் தாளும் வெள்ளைப் பென்சிலும். ரேடியோலேரியா என்று ஒரு வகை, கண்ணாடியில் செய்த கோலம் மாதிரி ஓடு. சேலஞ்சர் கொண்டுவந்த சேற்றிலிருந்து இவற்றை எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானியர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தார், புதிய இனங்களே 3,500க்கு மேல். புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்த பிள்ளைக்கு இது அல்வா. நடுப்புள்ளியிலிருந்து ஆரம்பித்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளர்க்கச் சொல்லுங்கள்.

நான்காம் நாள் நாடகமும் கடிதமும். நாடகத்துக்கு பாத்திபியஸ் கதையை விட்டால் வேறு இல்லை. 1868இல் தாமஸ் ஹக்ஸ்லி என்ற இங்கிலாந்து உயிரியலாளர், ஜாடியில் பல வருஷம் இருந்த கடற்சேற்றில் கொழகொழவென்று ஒன்றைப் பார்த்து, கடலடி முழுக்கப் படர்ந்திருக்கும் ஆதி உயிர் என்று நினைத்துப் பெயரும் வைத்துவிட்டார். சேலஞ்சர் ஆட்கள் தேடு தேடென்று தேடினார்கள், புதுச் சேற்றில் அது இல்லை. கடைசியில் கப்பலின் வேதியியலாளர் புக்கானன் கண்டுபிடித்தார்: கடல் தண்ணீரோடு சாராயம் சேர்ந்தால் கால்சியம் சல்பேட் கொழகொழவென்று திரளும், உயிரும் இல்லை ஒன்றும் இல்லை. செய்தி போனதும் ஹக்ஸ்லி தன் தப்பை ஒப்புக்கொண்டார். பிள்ளைகளை முதலில் பாத்திபியஸை நம்பவிடுங்கள், பெரிதாக வரையவிடுங்கள், பச்சை ஸ்லைம் போர்த்திக்கொண்டு ஒருவன் மேடையில் உருளட்டும். புக்கானன் அப்புறம் வரட்டும்.

கடிதத்தைக் கேப்டன் பெயரில் எழுதச் சொல்லாதீர்கள், எல்லாம் வீரதீரமாக வந்து அறுக்கும். ஜோசப் மேட்கின் என்று 19 வயதுப் பையன், கப்பலின் உணவுக்கிடங்கில் உதவியாளாக இருந்தவன், வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவனாக எழுதட்டும். விஞ்ஞானிகளுக்கு ஒவ்வொரு வலையும் திருவிழா, மாலுமிகளுக்கோ மூன்றரை வருஷமும் அதே கயிறு, அதே சேறு, மறுபடி தளத்தைக் கழுவு. பலர் துறைமுகங்களில் இறங்கி ஓடியே போனார்கள். எங்கள் பத்து வயதுக்காரன் எழுதியது: "அம்மா, இன்னைக்கும் சேறுதான். டாக்டர் குதிச்சாரு. நான் கழுவினேன்."

கடைசியில் முதல் நாள் பட்டைகளை எடுத்து நூலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டுங்கள். இப்போது ஃபோனைத் திறக்கலாம். சேலஞ்சர் அறிக்கை 50 தொகுதி, படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கப்பல் கண்டுபிடித்த புதிய இனங்கள் மட்டும் சுமார் 4,700. கறுப்பாகத் தீட்டியவள் தன் பட்டைக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, வெள்ளைப் பென்சிலை எடுத்துக் கறுப்பின் மேலேயே குட்டிக் குட்டியாக வரைய ஆரம்பித்தாள்.

இன்னொன்று விட்டுப்போனது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கிற தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்ப மத்ஸ்யா 6000 என்ற வாகனத்தை உருவாக்குகிறது. ஆட்கள் உட்காருகிற உருண்டையின் விட்டம் 2.1 மீட்டர்தான். நம் நூலில் ஆறாவது மீட்டரில் ஒரு கடுகைப் பசை வைத்து ஒட்டினால் அளவு சரியாக இருக்கும். ஒட்டினோம். அதற்குள் மூன்று பேர் 12 மணி நேரம் இருப்பார்கள் என்றதும் ஏழு வயதுக்காரி கடுகுக்கு மிக அருகில் கண்ணைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அதுக்குள்ள பாத்ரூம் எங்க?"