கோர்ட் கடிதம் வந்தால் கைப்பேசியில் பார்க்க வேண்டியவை

பினாங்கு லைட் ஸ்திரீட் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலம் கிராணியாக வேலை பார்த்தேன். இப்போது ஓய்வில் இருந்தாலும், ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டில் யாருக்காவது கோர்ட் கடிதம் வந்தால் "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கொண்டுவருவார்கள். பலர் வாரக்கணக்கில் அதைச் சாமி மேடையில் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கடிதம் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதிவிடுங்கள்.

முதலில், அது கோர்ட்டிலிருந்து வந்ததுதானா என்று பாருங்கள். வழக்குப் போடுவதற்கு முன்னால் லாயர் அனுப்பும் நோட்டீஸில் கோர்ட் வழக்கு எண் இருக்காது. உங்கள் மேல் சிவில் வழக்குப் போட்டிருப்பதை அறிவிக்கும் கோர்ட் ஆவணமான ரிட் சம்மனில் இருக்கும். இ-ஃபைலிங் (கோர்ட்டில் ஆவணங்களை இணையத்தில் பதிவு செய்யும் முறை) வழியாகப் பதிவான ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'எஸ்/என்' என்று தொடங்கும் நீளமான சீரியல் எண் ஒன்று இருக்கும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்திருக்கும், அப்படியே தட்டுங்கள். இ-ஃபைலிங் இணையப் பக்கத்தில் அதைக் கொடுத்தால் ஆவணம் அசல்தானா என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் "உங்கள் மேல் வாரண்ட் இருக்கிறது, இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்" என்று வருவதெல்லாம் மோசடி. கோர்ட் அப்படிப் பணம் கேட்காது. வயதானவர்கள் சேமிப்பை இப்படி இழப்பதைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை.

அடுத்தது வழக்கு எண். பார்க்க மிரட்டும், ஆனால் பிரித்துப் படித்தால் எல்லாம் அதிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் 'பிஏ' என்றால் ஜார்ஜ்டவுன், 'டபிள்யூஏ' என்றால் கோலாலம்பூர். நடுவில் 72 இருந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 52 செஷன்ஸ், 22 உயர் நீதிமன்றம். கடைசியில் பதிவான மாதமும் ஆண்டும். பொதுவாக ஒரு லட்சம் ரிங்கிட் வரையிலான கோரிக்கை மாஜிஸ்திரேட்டிடம் போகும், பத்து லட்சம் வரை செஷன்ஸில். இந்த எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

ரிட் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்ய வேண்டும். லாயர் வைத்திருந்தால் அவர் இ-ஃபைலிங்கில் செய்துவிடுவார். லாயர் இல்லாதவர் தாள்களை எடுத்துக்கொண்டு கோர்ட்டிலுள்ள சர்வீஸ் பியூரோவுக்குப் போனால், அவர்கள் உங்களுக்காகக் கணினியில் ஏற்றிக் கொடுப்பார்கள். கட்டணம் உண்டு. நாள் தவறினால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு வந்துவிடும். அப்படி வந்துவிட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்: தீர்ப்பு கிடைத்த 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்தவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையான ஜாபாத்தான் பந்துவான் குவாமானையோ, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகலாம்.

தேதியை நீங்களே கண்காணியுங்கள், லாயர் சொல்வார் என்று விட்டுவிடாதீர்கள். நீதித்துறை இணையதளத்தில் அன்றாட வழக்குப் பட்டியல் வரும். முந்தின நாள் மாலை ஒரு தடவை, அன்று காலை ஒரு தடவை பார்ப்பது நல்லது. 'செபுத்தான்', 'பெங்குருசான் கேஸ்' என்றிருந்தால் சின்ன தேதி, அதாவது வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் நாள். 'பிச்சாரா' என்றால் விசாரணை, சாட்சிகளோடு தயாராக இருக்க வேண்டும். 'கெபுத்துசான்' தீர்ப்பு நாள்.

இப்போது பல சின்ன தேதிகளில் லாயர்கள் கோர்ட்டுக்கே போவதில்லை. இ-ரிவியூ என்ற இணைய முறையில் பதிவாளருக்கும் எதிர்த்தரப்புக்கும் எழுத்திலேயே பதில் போடுகிறார்கள். அதனால் "நேற்று கோர்ட்டுக்குப் போனீர்களா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. "இ-ரிவியூவில் பதிவாளர் என்ன உத்தரவு போட்டார், அடுத்த தேதி எப்போது?" என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, கூச்சமே வேண்டாம்.

ஸூமில் விசாரணை என்றால் வழக்கு எண்ணோடு உங்கள் பெயரைப் போட்டு முன்கூட்டியே சேருங்கள். கோர்ட்டுக்குப் போவது போலவே உடுத்துங்கள், விசாரணையை ஒலிப்பதிவோ வீடியோவோ எடுக்காதீர்கள். மலாய் சரியாக வராது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று விசாரணைக்கு முன்பே, ஏதாவதொரு சின்ன தேதியில், பதிவாளரிடம் சொல்லிவிடுங்கள்.