பால் காணாது என்று முடிவு கட்டாதீர்கள்: புதுத் தாய்மார் வீட்டில் நடக்கும் தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பல வீடுகளில் பிரச்சினை தொடங்குவது பிள்ளையோடு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாலாம் நாளில்தான். ஆஸ்பத்திரியில் இருந்தவரை தாதி மிஸ்மார் வந்து பிள்ளையைப் பிடித்து மார்பில் வைத்தார்கள். இப்போது அவர்கள் இல்லை, மார்பு கல்லுப்போல் கட்டியிருக்கிறது, பிள்ளை கத்துகிறது, பார்க்க வந்த ஒருவர் "பால் காணாது போல, கொஞ்சம் மா கரைச்சிக் குடு புள்ள" என்கிறார். அன்று பின்னேரமே பால்மா டின்னும் சூப்பிப் போத்தலும் வீட்டுக்கு வந்துவிடும். பாலூட்டல் ஆலோசனை என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வரும்போது காம்பு வெடித்து, பிள்ளையும் போத்தலுக்குப் பழகியிருக்கும். இந்த வரிசைதான் முதல் தவறு. ஆலோசனை முதலில், டின் தேவைப்பட்டால் அதற்குப் பிறகு.

ஆலோசகர் என்றதும் கொழும்பில் காசு கொடுத்துப் பார்க்கிற ஆள் என்று நினைக்க வேண்டாம். சர்வதேசச் சான்றிதழ் பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் எங்கள் நாட்டில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது உங்கள் பகுதி மிட்வைஃபும், பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கும் தாய்ப்பாலூட்டல் முகாமைத்துவ நிலையங்களில் பயிற்சி பெற்ற தாதிமாரும். காசு இல்லை. பிரசவம் முடிந்த முதல் பத்து நாளுக்குள்ளேயே மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டியவர். நீங்கள் வேறு ஊரில், வேறு வீட்டில் தங்கியிருந்தால் அந்தப் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்கள். சொல்லாமல் இருந்துவிட்டு "ஒருத்தரும் வரல்ல" என்று கவலைப்படுவதில் பயன் இல்லை.

அடுத்தது, பால் காணுமா காணாதா என்பதை அழுகையை வைத்து அளப்பது. பிள்ளை பசிக்கு மட்டும் அழுவதில்லை. பின்னேரங்களில் விட்டு விட்டு, மணிக்கணக்காக மார்பிலேயே கிடக்க நினைப்பதும் சாதாரணம். மார்பு மெத்தென்று ஆகிவிட்டால் பால் வற்றிவிட்டது என்றும் அர்த்தமில்லை, சில கிழமையில் உடம்பு பிள்ளையின் தேவைக்குப் பழகிவிடுகிறது, அவ்வளவுதான். பம்பில் வரும் அளவும் சரியான கணக்கல்ல, பிள்ளை உறிஞ்சி எடுக்கும் அளவை பம்ப் எடுக்காது. பார்க்க வேண்டியது வேறு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது சலம் போகிறதா, பிறந்தவுடன் கொஞ்சம் குறைந்த நிறை இரண்டு கிழமைக்குள் திரும்பி வந்துவிட்டதா? இந்த இரண்டும் சரி என்றால் பால் காணும்.

காணாது என்று நினைத்துப் போத்தல் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை வீட்டில் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும். மார்பிலிருந்து பால் எடுபட எடுபடத்தான் ஊறும். ஒரு நேரம் மாப்பால் குடித்துப் பிள்ளை தூங்கினால் அந்த நேரத்துப் பால் எடுபடாது, உடம்பு "இவ்வளவு தேவையில்லை" என்று எடுத்துக்கொண்டு குறைத்துவிடும், பிறகு உண்மையாகவே காணாமல் போகும். பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும், இரவிலும்தான். அம்மா பாவம், தூங்கட்டும் என்று இரவில் போத்தல் கொடுப்பது அன்பில் செய்வது, ஆனால் பால் சுரக்க வைக்கும் ஹோர்மோன் கூடுதலாக வேலை செய்வதே இரவில். அம்மா தூங்க வேண்டுமென்றால் பகலில் வீட்டு வேலையை மற்றவர்கள் எடுங்கள், விருந்தாளிகளைக் குறையுங்கள்.

ஆலோசனைக்குப் போகும் முறையிலும் தவறுகள் உண்டு. பிள்ளையை வயிறு நிறையக் கொடுத்துத் தூங்கவைத்துக் கொண்டுபோகாதீர்கள், நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவர் முதலில் பேசமாட்டார், நீங்கள் வழமையாகக் கொடுக்கிற மாதிரிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்ப்பார். பிள்ளையின் வாய் அகலத் திறந்திருக்கிறதா, நாடி மார்பில் முட்டுகிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, கறுப்பு வட்டத்தில் மேல்பகுதி கூடவும் கீழ்ப்பகுதி குறையவும் தெரிகிறதா, கன்னம் குழிவிழுகிறதா, 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்றெல்லாம் கவனிப்பார். பல பேருக்குக் காம்பு வெடிப்பது பிள்ளை காம்பை மட்டும் பிடித்திருப்பதால்தான். பிள்ளையின் உடம்பை அம்மாவின் வயிற்றோடு ஒட்டித் திருப்பி, காம்பை மூக்குக்கு நேரே வைத்து, வாய் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருந்து அணைத்தால் பலருக்கு வலி அங்கேயே குறைந்துவிடும். சிசேரியன் ஆனவர்களுக்குப் பிள்ளையைக் கக்கத்துக்குக் கீழே பக்கவாட்டில் பிடிக்கக் காட்டித் தருவார்கள், தையலில் பாரம் விழாது.

தனியாகவும் போகாதீர்கள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் பிறகும் பெண்கள் தாய்வீட்டுப் பக்கமே இருப்பது வழக்கம், ஆகவே வீட்டில் முடிவெடுப்பது பெரும்பாலும் அம்மா, உம்மா, அம்மம்மா. அவர்கள் காதால் கேட்டால்தான் வீட்டில் நடக்கும். நீங்கள் மட்டும் கேட்டுவிட்டு வந்து சொன்னால் "நாங்க பிள்ள வளக்கல்லயா" என்று முடிந்துவிடும்.

சாப்பாட்டு விஷயம். பால்சுறா வறையும் முருங்கையிலையும் சரக்குக் கறியும் நல்ல சாப்பாடு, சாப்பிடுங்கள். ஆனால் பிள்ளை சரியாகப் பிடிக்காமல் இருக்கும்போது சுறாவும் உதவாது, கடையில் விற்கும் மாவும் டொனிக்கும் உதவாது. பத்தியம் என்று சொல்லித் தண்ணீரைக் குறைப்பதுதான் எனக்குக் கோபம் வருகிற விஷயம், எங்கள் வெக்கையில் தாகத்துக்குக் குடிக்க விடாமல் ஒரு தாயை வைத்திருப்பது கொடுமை. பிள்ளைக்கு மட்டும் ஆறு மாதம்வரை தண்ணீர் வேண்டாம், சித்திரை வெயிலிலும் வேண்டாம், தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். தேன் ஒரு வயதுவரை நாக்கில் தடவவும் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துக்கள் குழந்தையைக் கடுமையாக நோயாக்கலாம்.

ஆலோசகரிடம் எதையும் மறைக்க வேண்டாம். தைரோய்ட், மார்பில் முன்பு செய்த ஒப்பரேஷன், குடிக்கும் குளிசைகள், பிரசவத்தில் அதிகம் இரத்தம் போனது, காரணமில்லாமல் அழுகை வருவது, எல்லாம் சொல்லுங்கள். அவர் ஒரு பால்மா பிராண்டின் பெயரைச் சொல்லி வாங்கச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். தாய்ப்பாலுக்கு மாற்றுப் பொருட்களை விளம்பரப்படுத்துவதற்கு எதிராக 1981 இலேயே சர்வதேச விதிக்கோவை வந்துவிட்டது, இலங்கைக்கும் தனிக் கோவை உண்டு.

எல்லாவற்றுக்கும் ஆலோசகர் போதும் என்று இருப்பதும் ஆபத்து. மார்பு சிவந்து காய்ச்சல் குளிரோடு வந்தால், பிள்ளை எழுப்ப எழுப்பக் குடிக்காமல் தூங்கினால், சலம் குறைந்தால், மஞ்சள் கை கால்வரை இறங்கினால் உடனே ஆஸ்பத்திரி. மார்பு சிவந்திருந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், அமுக்கிப் பிசையவும் வேண்டாம்.

சில பிள்ளைகளுக்கு மாப்பால் உண்மையாகவே தேவைப்படும், அதில் அம்மா வெட்கப்பட எதுவும் இல்லை. டொக்டர் சொன்ன அளவை, கொதித்த தண்ணீரில், டின்னில் போட்ட கணக்கின்படியே கரைத்து, போத்தலை விட்டுச் சின்னக் கோப்பையால் கொடுங்கள். டின் விலை கூட என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள். மார்பிலும் தொடர்ந்து போடுங்கள், நாலைந்து நாளில் திரும்பப் போய் நிறையைப் பார்த்து, மாப்பாலைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.